பேத்தையும் காக்காய்க்கொல்லியும்

பூவார் பொழிக்கரையில் கரமடி கரையேறும் நேரம் எங்களைப் போன்ற பையன்களுக்குத் திருவிழா. மடியை அவிழ்த்து மணலில் கொட்டுவார்கள். சாளையும் நெத்திலியும் கூடைக்குப் போகும். ஒன்றிரண்டு மீன் மட்டும் யாரும் எடுக்காமல் கிடக்கும். காற்றை விழுங்கி, வயிறு பந்துபோல ஊதி, பல்லை நறநறக்கும். காலால் உருட்டிப் பார்க்கப் போன என்னை ஒரு வலைக்காரர் அதட்டினார்.

"லேய் மக்கா, அதத் தொடாத. பேத்தையாக்கும். காக்கா கூட கொத்தாது."

அவர் எச்சரித்ததில் நியாயம் இருக்கிறது. பேத்தையின் ஈரலிலும் சினையிலும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. ஓர் ஆளை முடிக்க ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. 1909-இல் இதற்குப் பெயர் வைத்தவர் ஜப்பானின் யோஷிசுமி தஹாரா. 1774-இல் நியூ கலிடோனியாவில் கேப்டன் குக்கும் கூட இருந்தவர்களும் இத்தகைய மீனின் ஈரலையும் சினையையும் கொஞ்சம் ருசி பார்த்து, கைகால் மரத்துப்போய், மயிரிழையில் தப்பினார்கள். இதில் வேடிக்கை, நஞ்சைச் செய்வது மீன் அல்ல, பாக்டீரியா. மீன் அதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பூவார் நெய்யாற்றின் கால்மாடு. தலைமாடு அகத்தியமலை. அந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளில் காக்காய்க்கொல்லி என்றொரு கொடி மரமேறிப் படரும். அதன் விதையை இடித்து ஓடையில் கலக்கினால் மீன்கள் துள்ளித் துடித்து மேலே மிதக்கும். நஞ்சு கலக்குதல் என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். இன்றைக்கு அது குற்றம். அந்த விதையிலிருந்து 1812-இல் பூலே என்ற பிரெஞ்சு மருந்தாளர் பிரித்தெடுத்த கசப்புப் பொருளின் பெயர் பிக்ரோடாக்சின். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மதுக்கடைக்காரர்கள் பீரில் கிறக்கம் ஏற்ற இந்த விதையைக் கள்ளத்தனமாகச் சேர்த்தார்கள். நம் மலையோரச் சரக்குக்கு லண்டனில் அப்படியொரு கிராக்கி.

ஆற்றின் மேலே ஒரு நஞ்சு, கீழே ஒரு நஞ்சு. மலை நஞ்சு மூளையைக் கத்த வைக்கும். கடல் நஞ்சு வாயடைக்கும். இந்த இரண்டையும் கண்ணாடித் தட்டில் வளர்த்த மூளைச் செல்கள்மேல் ஊற்றித்தான், ஒரு நரம்புச் செல் தன் காதுகளின் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது என்று இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். இந்த அத்தியாயம் அந்தக் காதுகளைப் பற்றியது.

*

களியக்காவிளை பஸ் நிலையத்தில் ஒரு பக்கம் "தக்கலை, நாகர்கோவில்" என்று கூவுவார்கள். இன்னொரு பக்கம் "பாறசாலை, நெய்யாற்றின்கரை, தம்பானூர்" என்று கூவுவார்கள். அவ்வளவு இரைச்சலிலும் யாருக்கு எந்த ஊர் போக வேண்டுமோ அந்தக் கூவல்தான் அவர் காதில் விழும். மூளைக்குள்ளும் ஏறத்தாழ இப்படித்தான். ஒரு நரம்புச் செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே சினாப்ஸ் என்ற சந்திப்பு. அதில் ஓர் இடைவெளி, சுமார் 20 நானோமீட்டர். பேசுகிற செல் ஒரு ரசாயனத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாக அந்த இடைவெளியில் கொட்டும். கேட்கிற செல்லின் தோலில் அந்த ரசாயனத்துக்கென்றே அமைந்த புரதங்கள் இருக்கும். அவைதான் ஏற்பிகள், முன்னே சொன்ன காதுகள்.

மூளையில் பெரும்பாலான பேச்சு இரண்டு ரசாயனங்களில் நடக்கிறது. குளுட்டமேட் "எழும்பு" என்று சொல்லும். காபா "சும்மா கிட" என்று சொல்லும். குளுட்டமேட்டைக் கேட்க இரண்டு முக்கிய ஏற்பிகள் உண்டு. ஆம்பா ஏற்பி சட்டென்று திறந்து சோடியத்தை உள்ளே விடும். என்எம்டிஏ ஏற்பி கொஞ்சம் தயங்கித் திறக்கும், ஆனால் கால்சியத்தையும் உள்ளே விடும். செல்லுக்குள் நுழையும் கால்சியம் வெறும் உப்பு அல்ல, செய்தி. இதைப் பின்னால் பார்ப்போம்.

காக்காய்க்கொல்லி செய்வது இதுதான். காபா ஏற்பியின் வாயை அடைத்துவிடுகிறது. "சும்மா கிட" என்ற சொல் யார் காதிலும் விழாது. மிஞ்சுவது "எழும்பு, எழும்பு" மட்டும். மீன் துள்ளுவதும், அளவு மீறினால் மனிதனுக்கு வலிப்பு வருவதும் அதனால்தான். பேத்தையின் நஞ்சு வேறு வழியில் போகிறது. நரம்பில் மின் துடிப்பு ஓடுவதற்குச் சோடியம் கால்வாய்கள் திறக்க வேண்டும். 1964-இல் தோஷியோ நரஹாஷியும் சகாக்களும் இறால் வகைப் பெரிய கடலுயிர் ஒன்றின் நரம்பில் காட்டினார்கள்: டெட்ரோடோடாக்சின் அந்தக் கால்வாயை மட்டும் குறிவைத்து அடைக்கிறது. துடிப்பு இல்லையென்றால் பேச்சும் இல்லை. பேத்தைக்கு மட்டும் இது ஏன் ஏறவில்லை? அதன் சோடியம் கால்வாயின் அமைப்பு சற்றே மாறியிருப்பதால் நஞ்சு அங்கே ஒட்டுவதில்லை.

*

மூளைக்குப் போகும் முன் தசைக்கு ஒரு நடை போய் வரவேண்டும். காதுகள் கூடிக் குறையும் என்ற சந்தேகம் முதலில் அங்கேதான் வந்தது.

நரம்பை அறுத்துவிட்டால் அந்த நரம்பு ஆண்ட தசை செயலிழக்கும். ஆனால் அசெட்டில்கோலின் என்ற நரம்பு ரசாயனத்தை அந்தத் தசைமேல் கொஞ்சம் தெளித்துப் பார்த்தால் முன்னைவிடப் பன்மடங்கு ரோஷத்தோடு துடிக்கும். பேச்சு நின்றபின் செவி கூர்மையாகிறது. 1959-இல் அக்செல்சனும் தெஸ்லெஃபும் துளித்துளியாக இதை ஆராய்ந்தார்கள். நல்ல தசையில் நரம்பு வந்து தொடும் அந்த ஒரு புள்ளியில் மட்டுமே அசெட்டில்கோலினுக்குப் பதில் கிடைக்கிறது. நரம்பு போனபின் தசை நாரின் நீளம் முழுக்க எங்கே தொட்டாலும் பதில் கிடைக்கிறது. உடம்பெல்லாம் காது.

ஏற்பிகளை எண்ணிப் பார்க்க உதவியது ஒரு பாம்பு. ரப்பர் தோட்டங்களிலும் ஓலைக்குடிசைகளிலும் இரவில் தரையில் படுத்தவர்களைக் கடிக்கும் கட்டுவிரியன் இங்குள்ளவர்களுக்குத் தெரியாததல்ல. மலையாளத்தில் வெள்ளிக்கெட்டன். கடித்த இடத்தில் பெரிதாக வலி, வீக்கம் இருக்காது. விடியும்போது கண்ணிமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு. இந்தப் பாம்பின் தைவான் உறவினரிடமிருந்து 1963-இல் தேசிய தைவான் பல்கலைக்கழகத்தின் சாங், லீ இருவரும் ஆல்ஃபா பங்காரோடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள். இந்த நஞ்சு அசெட்டில்கோலின் ஏற்பியைப் பிடித்தால் விடாது. அதில் கதிரியக்க அணுவை ஒட்டிவிட்டால், எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் ஏற்பி. எண்ண வேண்டியதுதான் பாக்கி. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்குச் சுமார் 10,000 ஏற்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன என்பது இப்படித் தெரியவந்தது. (கட்டுவிரியன் கடித்தால் வலி இல்லையே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நச்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசமும் உள்ள ஆஸ்பத்திரிக்கு அந்த நேரமே போகவேண்டும்.)

சரி, தசைக்குக் காது முளைப்பது ஏன்? நரம்பு ஊட்டும் ஏதோ ஒரு சத்து நின்றுபோனதாலா? வேலை நின்றுபோனதாலா? 1972-இல் டெர்யே லோமோ என்ற நார்வேக்காரரும் ஜீன் ரோசந்தாலும் இதற்கு நேரடியாக விடை தேடினார்கள். எலியின் கால் தசைக்குப் போகும் நரம்பை அறுத்துவிட்டு, தசைக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் துடிக்க வைத்தார்கள். நரம்பு இல்லை, வேலை மட்டும் உண்டு. கண்ட இடத்தில் முளைத்த உணர்ச்சி அடங்கியது. ஆகவே காரணம் சத்து அல்ல, வேலை.

லோமோவின் கதையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அடுத்த ஆண்டே, 1973-இல், டிமதி பிளிஸ்ஸோடு சேர்ந்து அவர் வெளியிட்ட இன்னொரு கட்டுரைதான் நினைவாற்றல் ஆராய்ச்சியின் அஸ்திவாரம். முயலின் மூளையில் ஒரு நரம்புப் பாதையைக் கொஞ்ச நேரம் வேகமாகத் தூண்டினால், அந்தப் பாதையின் சினாப்ஸ்கள் மணிக்கணக்கில் வலுப்பெற்றே இருந்தன. தசையில் அவர் கண்டது: வேலை கூடினால் காது குறையும். மூளையில் கண்டது: வேலை கூடினால் இணைப்பு வலுக்கும். இரண்டு எதிரெதிர் விதிகள், ஒரே ஆள், ஓராண்டு இடைவெளி. மூளைக்காரர்கள் இருபத்தைந்து வருடம் இரண்டாவது விதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதல் விதியைத் தசைக்காரர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கியது, என்னைக் கேட்டால், ஒரு துறையின் சோம்பல்.

ஏனென்றால் இரண்டாவது விதி மட்டும் இருந்தால் மூளை நிற்காது. வலுத்த இணைப்பு செல்லை அதிகம் துடிக்க வைக்கும். அதிகம் துடித்தால் இணைப்பு இன்னும் வலுக்கும். பணக்காரன் மேலும் பணக்காரன் ஆவதுபோல ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வலிப்பு. மறுபக்கம் நலிந்த இணைப்புகள் நலிந்தே அவிந்துபோகும். எங்கோ ஒரு கடிவாளம் இருந்தாக வேண்டும்.

*

கடிவாளத்தைத் தேடியவர்கள் உயிருள்ள மூளையை விட்டுவிட்டுத் தட்டுக்குப் போனார்கள். மூளைச் செல் வளர்ப்பு எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை கிட்டத்தில் பார்த்துவிடுவோம்.

பிறப்பதற்குச் சில நாள் முந்தைய எலிக்கருவின் மூளையிலிருந்து ஹிப்போகேம்பஸ் என்ற வளைந்த பகுதியை உருப்பெருக்கியின் கீழே வைத்து எடுப்பார்கள். நெல்மணி அளவுதான் இருக்கும். அதை ஒரு நொதியில் ஊறவைத்து, நுனி மழுக்கிய கண்ணாடிக் குழாயால் மெதுவாக உறிஞ்சி உறிஞ்சி விடுவார்கள். கை கொஞ்சம் முரடாக இருந்தாலும் செல்கள் செத்துவிடும். கலங்கிய நீரில் செல்கள் தனித்தனியாகப் பிரியும். அவற்றைப் பாலிலைசின் என்ற பசை பூசிய கண்ணாடித் துண்டின்மேல் விதைப்பார்கள். வேலை செய்கிறவர்களே விதைப்பது என்றுதான் சொல்கிறார்கள். உடம்புச் சூட்டில், 37 டிகிரியில், சத்துநீரில் வைத்துவிட வேண்டும்.

முதல் நாள் உருண்டை. இரண்டாம் நாள் நாலைந்து குட்டை வேர். அதில் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு நீளும். அது பேசும் கம்பி. மிச்சமெல்லாம் கேட்கும் கிளைகள். இரண்டு மூன்று வாரத்தில் தட்டு முழுக்கப் பின்னல். பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அவை தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடும். பார்க்க ஒரு கண் இல்லை, தொட ஒரு தோல் இல்லை, என்ன பேசுகின்றனவோ! இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் கேரி பேங்கரும் மேக்ஸ்வெல் கோவனும், 1977-இல். நரம்புச் செல்லை உடம்புக்கு வெளியே முதலில் வளர்த்துக் காட்டியவர் ராஸ் ஹாரிசன், 1907-இல், தவளைக் கருவை வைத்து.

தட்டின் சௌகரியம் என்னவென்றால் முழு ஊரையும் ஒரே சமயத்தில் ஊமையாக்கலாம், ஒரே சமயத்தில் கூச்சலிட வைக்கலாம். ஊமையாக்கப் பேத்தை நஞ்சு. வழக்கமாக ஊற்றும் செறிவில் ஒரு லிட்டர் சத்துநீருக்கு ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கூச்சலிட வைக்கக் காக்காய்க்கொல்லி, அல்லது அதே வேலையைச் செய்யும் பைகுகுலின் என்ற இன்னொரு செடி நஞ்சு. முதுகுத்தண்டுச் செல்களானால் எட்டிக்காயின் ஸ்டிரிக்னினும் வேண்டியிருக்கும், அங்கே "சும்மா கிட" என்று சொல்வதில் கிளைசினுக்கும் பங்கு உண்டு என்பதால். எட்டியை எங்கள் பக்கம் காஞ்சிரம் என்போம். நாட்டு வைத்தியர் வீட்டுப் பரணில் இருப்பதெல்லாம் நரம்பியல் ஆய்வகத்தின் குளிர்பெட்டியிலும் இருக்கிறது.

1997-இல் அனுராதா ராவும் ஆன் மேரி கிரெய்கும் ஹிப்போகேம்பஸ் செல் வளர்ப்பில் என்எம்டிஏ ஏற்பிகளைத் தொடர்ந்து அடைத்து வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சினாப்ஸ்களில் என்எம்டிஏ ஏற்பிகளின் கூட்டம் பெருகியிருந்தது. அடைத்த காதுக்குப் பக்கத்தில் புதிய காது.

அடுத்த ஆண்டு, 1998-இல், இரண்டு கட்டுரைகள் வந்தன. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஜீனா டூரிஜியானோவும் குழுவினரும் எலியின் மூளைப்புறணிச் செல்களைப் பேத்தை நஞ்சில் இரண்டு நாள், 48 மணி நேரம், ஊமையாக வைத்தார்கள். பிறகு ஒரு பொட்டலம் குளுட்டமேட் விழுந்தால் செல் எவ்வளவு அதிர்கிறது என்று அளந்தார்கள். துடிப்பே இல்லாவிட்டாலும் சினாப்ஸில் அவ்வப்போது ஒரு பொட்டலம் தானாக நழுவி விழும், பழுத்த மாங்காய் காற்றில்லாமலும் விழுவதுபோல. அதனால்தான் ஊமைத் தட்டிலும் இதை அளக்க முடிகிறது. பொட்டலத்தின் அளவு பழையதே. ஆனால் அதிர்வு கூடியிருந்தது. கேட்கும் பக்கத்தில் காது கூடியிருக்க வேண்டும்.

மறுபக்கமும் செய்து பார்த்தார்கள். பைகுகுலின் ஊற்றியதும் செல்கள் தாறுமாறாகத் துடித்தன. 48 மணி நேரம் அப்படியே விட்டார்கள். நஞ்சு இன்னும் தட்டில்தான் இருக்கிறது, யாரும் கழுவிவிடவில்லை. ஆனாலும் துடிப்பு இறங்கி, கிட்டத்தட்ட பழைய வேகத்துக்கே வந்து நின்றது. ஒரு பொட்டலத்துக்கான அதிர்வு இப்போது குறைந்திருந்தது. கூச்சல் தாங்காமல் செல் தன் காதுகளைச் சுருக்கிக்கொண்டுவிட்டது. நான் இந்தத் துறையில் படித்தவற்றில் இந்த ஒரு முடிவுபோல என்னை வியக்கவைத்தது வேறில்லை. மூளை இல்லை, முதலாளி இல்லை, ஒரு தட்டில் சிதறிக்கிடக்கும் செல்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு இரைச்சல் போதும் என்று அறிந்து வைத்திருக்கிறது.

இரண்டாவது கட்டுரை ரிச்சர்ட் ஓ'பிரையன், ரிச்சர்ட் ஹூகனீர் முதலியோருடையது. முதுகுத்தண்டுச் செல்களில் பேச்சைக் குறைத்தால் சினாப்ஸில் ஆம்பா ஏற்பிகள் சேர்கின்றன, கூட்டினால் குறைகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். எப்படிச் சேர்கின்றன என்பதற்கும் ஒரு துப்பு தந்தார்கள். ஏற்பி நிரந்தரச் சரக்கு அல்ல. ஓலைக்கூரை மாதிரி பழசு உதிர்ந்து புதுசு வேயப்படும். பாதி ஏற்பிகள் மாறிப்போக ஏறத்தாழ ஒரு நாள். கூரை கனமாக வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு: புது ஓலையைக் கூடுதலாக வேயலாம், இல்லையேல் பழைய ஓலையை உதிராமல் காக்கலாம். அமைதியான தட்டில் ஏற்பியின் ஆயுள் நீண்டிருந்தது.

டூரிஜியானோவின் கட்டுரையில் இன்னொரு நுட்பம். காதுகள் கூடியபோது எல்லா சினாப்ஸிலும் ஒரே எண்ணிக்கையில் கூடவில்லை, ஒரே மடங்கில் கூடின. இதன் அருமை கூலிக் கணக்கில் புரியும். தோட்டத்தில் மேஸ்திரிக்கு 900 ரூபாய், வெட்டுக்காரருக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 300 கூட்டினால் 1200-உம் 900-உம். இடைவெளியின் விகிதம் சுருங்கிப்போகும். அதற்குப் பதில் ஒன்றரை மடங்காக்கினால் 1350-உம் 900-உம். விகிதம் மூன்றுக்கு இரண்டு என்று அப்படியே நிற்கும். மூளையில் நினைவு என்பது எந்த இணைப்பு எதைவிட வலுவானது என்ற அந்த விகிதத்தில் இருக்கிறது. செல் தன் மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தாலும், கற்றது அழியாது. பின்னால் வந்த அளவீடுகள் எல்லா இடத்திலும் இப்படி அச்சுப்பிசகாமல் நடப்பதில்லை என்று காட்டின. ஆனாலும் கணக்கின் அடிப்படை நிற்கிறது.

*

செல்லுக்குத் தான் எவ்வளவு துடிக்கிறோம் என்று எப்படித் தெரியும்? கால்சியத்தை வைத்துத்தான். துடிக்கும்போதெல்லாம் கால்சியம் உள்ளே வரும். அதைப் பார்த்து வேலை செய்யும் நொதிகள் சில உண்டு. அவற்றில் சினாப்ஸில் மிக அதிகமாகக் கிடப்பது காம்கைனேஸ்-2. கால்சியம் ஏறினால் விழித்து, மற்றப் புரதங்களின்மேல் பாஸ்பேட் முத்திரை குத்தும்.

இந்த இடத்தில் கதை மறுபடி நம் பக்கம் வருகிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போனால் திருவனந்தபுரம் பூஜப்புரையில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம். அங்கே நீண்ட காலம் ஆய்வு செய்தவர் ஆர்.வி. ஓம்குமார். அதற்கு முன் கலிஃபோர்னியாவில் மேரி கென்னடியின் ஆய்வகத்தில் இருந்தபோது அவர்கள் 1996-இல் கண்டுபிடித்தது இது: காம்கைனேஸ்-2 என்எம்டிஏ ஏற்பியின் 2பி என்ற துண்டில், செல்லுக்குள் தொங்கும் வாலில், 1303-ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தின்மேல் முத்திரை குத்துகிறது. கால்சியத்தை உள்ளே விடுவதும் அந்த ஏற்பிதான். ஆக, செய்தி நுழையும் வாசற்படியிலேயே செய்தியைப் படிப்பவர் உட்கார்ந்திருக்கிறார். திருவனந்தபுரம் வந்தபின் 2002-இல் ஓம்குமாரின் குழு 2ஏ, 2பி என்ற இரண்டு துண்டுகளையும் ஒப்பிட்டது. அந்த இடத்தில் இரண்டின் எழுத்து வரிசையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் நொதி இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சின்ன வேற்றுமை, பெரிய விளைவு.

அதே 2002-இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் சியெனின் ஆய்வகத்திலிருந்து தாரா தியாகராஜன் ஒரு கட்டுரை வெளியிட்டார். காம்கைனேஸ்-2-இல் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை உண்டு. வளர்ப்புச் செல்களை ஊமையாக்கினால் பீட்டா ஏறி ஆல்ஃபா இறங்குகிறது. துடிக்க வைத்தால் ஆல்ஃபா ஏறி பீட்டா இறங்குகிறது. தராசின் இரண்டு தட்டு. 2005-இல் அவர் இன்னும் ஒரு படி போனார். நீண்ட அமைதிக்குப்பின் செல் காதுகளைக் கூட்டுவதோடு நிற்கவில்லை, காதின் ரகத்தையே மாற்றியிருந்தது. சாதாரண ஆம்பா ஏற்பி கால்சியத்தை உள்ளே விடாது. அமைதியில் புதிதாக வந்தவை விடும். பேசும் பக்கமும் சும்மா இருக்கவில்லை, அங்கேயும் பொட்டலம் கொட்டும் இடங்கள் பெருத்திருந்தன. ஆக, கேட்பவர் மட்டுமல்ல, பேசுபவரும் குரலை உயர்த்துகிறார். தாரா தியாகராஜன் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து மதுரா மைக்ரோ ஃபைனான்ஸ் என்ற சிறுகடன் நிறுவனத்தை நடத்தினார், சேப்பியன் லேப்ஸ் என்ற மூளை ஆய்வு அமைப்பையும் தொடங்கினார். வளர்ப்புச் செல்லிலிருந்து சுயஉதவிக் குழுவுக்குப் போனவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

ஒரு செல்லின் உடலில் மட்டும் பேத்தை நஞ்சைத் துளியாக விட்டு, சுற்றியுள்ள தட்டைத் தொடாமல் பார்த்த சோதனையும் உண்டு. 2008-இல், டூரிஜியானோவின் ஆய்வகத்தில். அக்கம்பக்கம் எல்லாம் பேசிக்கொண்டிருக்க, அந்த ஒரு செல் மட்டும் காதுகளைக் கூட்டிக்கொண்டது. ஊரைக் கேட்டு அல்ல, தன் துடிப்பைத் தானே அளந்துதான் அது முடிவெடுக்கிறது. ஆனால் ஊருக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. 2006-இல் ஸ்டெல்வாகனும் மலெங்காவும் காட்டியபடி, நரம்புச் செல்களுக்கு இடையே தாங்கலாக நிற்கும் கிளியா செல்கள் அமைதி நீண்டால் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற பொருளைச் சுரக்கின்றன. காய்ச்சல், அழற்சி நேரத்தில் வேலை செய்யும் அதே பொருள். அது இல்லாவிட்டால் காது கூடுவதில்லை.

ஏற்பிகளை ஒன்றிரண்டாகவே பார்க்கும் காலம் இது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தீபக் நாயர் 2013-இல் பிரான்சின் போர்தோவில் சகாக்களோடு வெளியிட்ட படங்களில், சினாப்ஸுக்குள் ஆம்பா ஏற்பிகள் பரவலாகக் கிடக்கவில்லை. சுமார் 70 நானோமீட்டர் அகலக் குவியல்களாக, ஒரு குவியலுக்கு ஏறத்தாழ 20 ஏற்பி என்று கூடி நிற்கின்றன. பொட்டலம் எங்கே விழுகிறதோ அங்கே குவியல் இருந்தால் செய்தி பலமாகக் கேட்கும்.

*

தட்டில் நடப்பதெல்லாம் தலைக்குள் நடக்குமா? கேட்க வேண்டிய கேள்வி. 2013-இல் இளம் எலிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடிவிட்டு, பார்வைப் பகுதிச் செல்களின் துடிப்பை நாள்கணக்கில் பதிந்தார்கள். முதல் இரண்டு நாள் துடிப்பு விழுந்தது. அதன்பின் ஏறி, பழைய நிலைக்கே வந்தது. கண் இன்னும் மூடியே இருந்தது. தட்டில் கண்டது தலைக்குள்ளும் உண்டு. ஆனால் இந்தத் திருத்தம் எப்போது நடக்கிறது என்பதில் சண்டை. 2016-இல் வந்த எலி ஆய்வு விழித்திருக்கும்போது துடிப்பு ஏறி மீள்கிறது என்றது. 2017-இல் ஹூகனீரின் ஆய்வகம், சுண்டெலி தூங்கும்போது சினாப்ஸ்களில் ஆம்பா ஏற்பிகள் குறைகின்றன என்று காட்டியது. ஏற்றுவதற்கு ஒரு நேரம், இறக்குவதற்கு ஒரு நேரம் என்றால் இரண்டும் ஒத்துப்போகலாம். நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

காதைக் கூட்டிக்கொள்ளும் இந்த நல்ல வழக்கமே சில சமயம் தொல்லையாகும். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் கம்பக்கட்டு என்ற வாணவேடிக்கை இல்லாமல் கொடி இறங்காது. சின்ன வயதில் வெடிக்காரருக்குப் பக்கத்தில் நிற்பதுதான் கெத்து. மறுநாள் முழுக்கக் காதுக்குள் வண்டு ரீங்காரம். பெரும்பாலும் அது போய்விடும், சிலருக்குப் போவதே இல்லை. 2006-இல் பெர்லினின் ரோலண்ட் ஷேட்டேயும் ரிச்சர்ட் கெம்ப்டரும் இதற்கு ஒரு கணக்கு மாதிரி தந்தார்கள். வெடிச்சத்தம் உட்காதின் மயிர்ச் செல்களைக் கெடுக்கிறது. அங்கிருந்து மூளைக்குப் போகும் செய்தி குறைகிறது. செய்தி குறைந்ததும் மூளைத்தண்டில் உள்ள செல்கள், தட்டில் ஊமையாக்கப்பட்ட செல்களைப் போலவே, தங்கள் காதைக் கூட்டிக்கொள்கின்றன. கூட்டிய காதுக்குச் சும்மா கிடக்கும் நரம்பின் சலசலப்பும் சத்தமாகக் கேட்கிறது. வெளியே இல்லாத வண்டு உள்ளே பாடுகிறது. இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் செவி கெட்ட விலங்குகளின் மூளைத்தண்டில் செல்கள் தாமாகவே அதிகம் துடிப்பதைப் பதிந்திருக்கிறார்கள்.

ஏற்பி போனால் ஒரு நாளில் இன்னொன்று வந்துவிடும். உட்காதின் மயிர்ச் செல் மனிதனுக்கு ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை. அடுத்த திருவிழாவுக்குக் கம்பக்கட்டு பார்க்கப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.